சப்பாத்திக்கள்ளி

சப்பாத்திக்கள்ளி அல்லது நாகதாளி என்பது கள்ளிக் குடும்பத்தைச் (காக்டேசியே) சேர்ந்த ஒபன்சியா பேரினத்துத் தாவரங்களுக்குத் தமிழில் வழங்கும் பொதுப்பெயர் ஆகும். அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இத்தாவரம் இந்தியா, இலங்கை உட்பட உலகின் பல வறண்ட பகுதிகளில் இயல்பாகப் பரவி வளர்கிறது. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் வயல்வேலிகளிலும், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரை மணற்பகுதிகளிலும் இதனைக் காணலாம். முள்வேலியாகவே பெரிதும் அறியப்பட்டாலும், இதன் பழமும் இளந்தண்டும் உண்ணத்தக்கவை. மெக்சிக்கோ, இத்தாலி, துனீசியா முதலிய நாடுகளில் இது முக்கியமான உணவுப் பயிராகும்.

தென்னிந்தியாவில் இத்தாவரத்தின் வரலாறு, சாயம் தரும் ஒரு பூச்சியின் வரலாற்றுடன் பின்னிப் பிணைந்தது. அப்பூச்சிக்கு உணவாகச் சென்னையில் பயிரிடப்பட்ட இது, பின்னர் பெருங்களையாகக் கருதப்பட்டு, அதே பேரினப் பூச்சிகளைக் கொண்டே அழிக்கப்பட்டது.

பெயர்

பட்டையான இதன் தண்டு சப்பாத்தியை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது என்பது பொதுவான விளக்கம். காலணியைக் குறிக்கும் சப்பாத்து என்ற போர்த்துக்கேய மொழிவழிச் சொல்லோடு தொடர்புபடுத்திச் சப்பாத்துக்கள்ளி என்று எழுதுவதும் உண்டு. நாகதாளி என்ற பெயர், படமெடுத்த நாகத்தின் தலையைப் போன்ற தண்டின் தோற்றத்தைச் சுட்டுகிறது. தெலுங்கில் நாகஜெமுடு என்றும், இந்தியில் நாகபனி என்றும் வழங்கும் பெயர்களிலும் இதே ஒப்புமை காணப்படுகிறது. கன்னடத்தில் இது பாபாசு கள்ளி எனப்படுகிறது.

சங்க இலக்கியங்களில் பாலை நிலத்துக்கும் சுடுகாட்டுக்கும் உரியதாகக் கூறப்படும் கள்ளி இத்தாவரம் அன்று. அமெரிக்கக் கண்டங்களுடன் ஐரோப்பியருக்குத் தொடர்பு ஏற்பட்ட பின்னரே சப்பாத்திக்கள்ளி ஆசியாவுக்கு வந்தது. பழந்தமிழ் நூல்கள் குறிப்பிடும் கள்ளி, இந்தியாவில் இயற்கையாக வளரும் யூபோர்பியா பேரினத்தைச் சேர்ந்த, பால் வடியும் தாவரமாகும்.

தாவரவியல் விளக்கம்

சப்பாத்திக்கள்ளி ஒன்று முதல் மூன்று மீட்டர் உயரம் வரை வளரும் புதர்ச்செடி. இதன் பச்சைநிறத் தட்டுகள் இலைகள் அல்ல. அவை தண்டின் திரிபுகளாகும். இலையின் பணியாகிய ஒளிச்சேர்க்கையைத் தண்டே செய்வதால் இது இலைத்தொழில் தண்டு எனப்படுகிறது. உண்மையான இலைகள் மிகச் சிறியவை. இளந்தட்டுகளில் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். தட்டின் மேற்பரப்பில் ஆங்காங்கே உள்ள புள்ளிகளிலிருந்து இரு வகை முட்கள் தோன்றுகின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் நீண்ட முள். மற்றொன்று மயிர்போன்ற நுண்முள். நுண்முள்ளின் நுனியில் தூண்டில் போன்ற கொக்கிகள் இருப்பதால், தோலில் தைத்தால் எளிதில் வெளிவராது.

வெப்பமான பகலில் நீர் ஆவியாகிவிடாமல் இருக்க, இத்தாவரம் தன் இலைத்துளைகளை இரவில் திறந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை (கார்பன் டை ஆக்சைடு) மாலிக் அமிலமாகச் சேமித்து வைக்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததைக் கொண்டு ஒளிச்சேர்க்கை செய்கிறது. இம்முறைக்குக் கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் என்று பெயர். இதன் விளைவாக, விடியற்காலையில் அறுத்த தட்டு மிகப் புளிப்பாகவும், பிற்பகலில் அறுத்தது புளிப்புக் குறைந்தும் இருக்கும். தட்டைச் சமைப்போர் அறுவடை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம்.

முறிந்து விழும் தட்டு மண்ணில் பட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச்செடியாகிவிடும். பழத்தை உண்ணும் பறவைகளும் விலங்குகளும் விதைகளைப் பரப்புகின்றன.

தமிழ்நாட்டில் காணப்படும் இனங்கள்

* ஒபன்சியா டில்லெனி: கடற்கரை மணலிலும் வறண்ட சமவெளியிலும் மிகுதியாகக் காணப்படுவது. மஞ்சள் நிறப் பூவும், கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிறப் பழமும் கொண்டது. தாவரவியலாளர் சிலர் இதனை ஒபன்சியா சிட்ரிக்டா என்ற இனத்தின் ஒரு வகையாகக் கொள்கின்றனர்.
* ஒபன்சியா எலேத்தியர்: உள்நாட்டு வறண்ட நிலங்களில் காணப்படுவது.
* ஒபன்சியா மோனகாந்தா: பழைய நூல்களில் ஒபன்சியா வல்கேரிசு எனக் குறிக்கப்படுவது. ஒரு காலத்தில் மிகப் பரவலாக இருந்து, 19 ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் அழிந்தது.
* ஒபன்சியா பைக்கசு-இண்டிகா: பெரிய பழங்களுக்காக உலகெங்கும் பயிரிடப்படும் இனம். முள்ளில்லா வகைகளும் உண்டு. பெயரில் இந்தியா என்ற சொல் இருப்பினும் இதன் தாயகம் மெக்சிக்கோவே.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்படும் டிராகன் பழமும் இதே கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததாகும்.

வரலாறு

சாயத் தோட்டம்

மெக்சிக்கோவில் கள்ளித் தட்டின்மேல் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியிலிருந்து கார்மினிக் அமிலம் என்ற செஞ்சாயம் எடுக்கப்பட்டது. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் தேவைப்பட்டன. இவ்வணிகம் நெடுங்காலம் எசுப்பானியரின் தனியுரிமையாக இருந்தது. அதனை முறிக்க ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி விரும்பியது.

1786 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்த கம்பனி மருத்துவர் சேம்சு ஆண்டர்சன், உள்ளூர்ப் புல் ஒன்றில் சிவப்புச் சாயம் தரும் பூச்சியைக் கண்டதாக இலண்டனில் இருந்த சோசப் பேங்சு என்ற அறிவியலாளருக்கு எழுதினார். அது உண்மையான கொச்சினீல் அன்று எனத் தெரியவந்தது. எனினும் அப்பூச்சியை வரவழைத்து வளர்க்கும் நோக்கில், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆண்டர்சனின் உறவினரான ஆண்ட்ரூ பெர்ரி அதன் பொறுப்பில் இருந்தார். சைதாப்பேட்டையைச் சுற்றியுள்ள பகுதி, 1763 ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாப் கம்பனிக்கு அளித்த செங்கல்பட்டு சாகீரின் பகுதியாகும். சைதாப்பேட்டை பின்னர் செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாகவும் விளங்கி, அதன் பின்னர் சென்னை நகருடன் இணைக்கப்பட்டது.

1795 ஆம் ஆண்டில் நெயில்சன் என்ற கப்பல் தலைவர் பிரேசிலின் இரியோ டி செனீரோவிலிருந்து வங்காளத்துக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அவை சாயத்துக்குரிய டாக்டிலோபியசு காக்கசு இனம் அல்ல. தரங்குறைந்த சாயமே தரும் டாக்டிலோபியசு சிலோனிக்கசு இனம். எனவே சாயத் தொழில் வெற்றி பெறவில்லை. ஆனால் அப்பூச்சி, ஒபன்சியா மோனகாந்தா இனத்தை வேகமாக அழிக்கத் தொடங்கியது.

உயிரியல் கட்டுப்பாடு

அப்பூச்சியின் அழிக்கும் ஆற்றலைக் கண்டு, 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் அது வேண்டுமென்றே தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1860களில் இலங்கைக்கும் கொண்டு செல்லப்பட்டது. களைச்செடி ஒன்றைப் பூச்சியைக் கொண்டு அழித்த உலகின் முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது.

எனினும் அப்பூச்சி ஒபன்சியா டில்லெனியைத் தாக்குவதில்லை. போட்டியின்றிப் பரவிய இவ்வினம் மேய்ச்சல் நிலங்களையும் ஊர்ப் பொதுநிலங்களையும் மூடியது. பாம்புகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் புகலிடமாகி, சிற்றூர்களின் சுகாதாரத்துக்கும் கேடு விளைவித்தது. வெட்டியும் எரித்தும் புதைத்தும் இதனை ஒழிக்கும் முயற்சிகள் பெரும் செலவு பிடித்தன. வெட்டிய துண்டுகளே மீண்டும் முளைத்தன.

1926 ஆம் ஆண்டில் வட அமெரிக்க இனமான டாக்டிலோபியசு ஒபன்சியே இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இலங்கைக்கு அது ஆத்திரேலியாவிலிருந்து வந்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 எக்டேர் நிலத்தில் ஒபன்சியா டில்லெனி, எலேத்தியர் ஆகிய இனங்கள் கட்டுக்குள் வந்தன. இம்முயற்சி பற்றிப் பூச்சியியலாளர் டி. வி. இராமகிருட்டிண ஐயர் எழுதியுள்ளார். இதே காலத்தில் ஆத்திரேலியாவில் ஏறத்தாழ 2.4 கோடி எக்டேர் நிலத்தை மூடியிருந்த கள்ளி, 1920களில் அர்கெந்தீனாவிலிருந்து கொண்டுவரப்பட்ட காக்டோபிளாசுடிசு என்னும் அந்துப்பூச்சியின் புழுக்களால் அழிக்கப்பட்டது.

இன்று செங்கல்பட்டு வட்டாரத்தில் சப்பாத்திக்கள்ளி புதர்க்காடாக இல்லாமல் சிதறலாக மட்டும் காணப்படுவதற்கு இவ்வரலாறு முதன்மைக் காரணமாகும். பிற்காலத்தில் வேலிக்கும் விறகுக்கும் சீமைக்கருவேலம் பரவியதும், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலங்கள் வீட்டுமனைகளாகவும் கேளிக்கை விடுதிகளாகவும் மாறியதும் பிற காரணங்கள்.

உணவுப் பயன்பாடு

பழம்

முற்றிப் பழுத்த பழமே உண்ணத்தக்கது. காய் பச்சை நிறத்திலும், பழம் கருஞ்சிவப்பு நிறத்திலும் இருக்கும். ஒபன்சியா டில்லெனியின் பழம் சிறியது, விதை மிகுந்தது, இனிப்பும் புளிப்பும் கலந்த சுவையுடையது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மாடு மேய்ப்போரும் சிறுவர்களும் வேலியிலிருந்து இதனைப் பறித்து உண்பது வழக்கம். பழம் தின்றவரின் வாயும் உதடும் சிவந்திருக்கும்.

நுண்முட்களை நீக்குவதே பழத்தை உண்பதில் முதன்மையான வேலை. பொதுவாகப் பின்பற்றப்படும் முறை பின்வருமாறு:

* பழத்தைக் கையால் தொடாமல், இடுக்கி அல்லது பிளந்த குச்சியால் திருகிப் பறிக்க வேண்டும். காற்று எதிர்முகமாக வீசும்போது நுண்முட்கள் கண்ணில் விழக்கூடும்.
* பழத்தை மணலிலோ கரடுமுரடான தரையிலோ உருட்டித் தேய்க்க வேண்டும், அல்லது தீயில் வாட்டி முட்களைப் பொசுக்க வேண்டும்.
* நீரில் கழுவி, இரு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் கீறித் தடித்த தோலை உரித்தெடுக்க வேண்டும்.
* உள்ளிருக்கும் சதையைப் பிசைந்து வடிகட்டினால் விதை நீங்கிய சாறு கிடைக்கும்.

பழத்தின் நடுவில் விண்மீன் வடிவில் ஒரு முள் உண்டு என்றும், அதனை எடுத்த பின்னரே உண்ண வேண்டும் என்றும் சிற்றூர்களில் கூறுவர். எவ்வாறாயினும் பழத்தைப் பிளந்து பார்த்து உண்பது பாதுகாப்பானது.

சாற்றுடன் சர்க்கரை அல்லது வெல்லமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பருகலாம். பாகு, பழக்கூழ் போன்றவையும் செய்யலாம். சாற்றின் நிறம் பெட்டாலெயின் என்ற நிறமிகளால் உண்டாவது; பீட்ரூட்டின் நிறத்துக்கும் இவையே காரணம். மிகுதியாக உண்டபின் சிறுநீர் சிவந்து காணப்பட்டால் அது குருதி என அஞ்ச வேண்டியதில்லை. எனினும் அடுத்த நாளும் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

இளந்தட்டு

மெக்சிக்கோவில் இளந்தட்டு நோபல் எனப்படும். முட்களைச் சீவி நீக்கி, துண்டுகளாக்கி, உப்பு நீரில் வேகவைத்து அல்லது சுட்டு உண்பர். வெட்டும்போது வெண்டைக்காயில் உள்ளது போன்ற கொழகொழப்பு வெளிப்படும். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் அது பெருமளவு குறையும். தமிழ்நாட்டில் தட்டைக் காய்கறியாகச் சமைக்கும் வழக்கம் பரவலாக இல்லை. சமைப்பதற்கு முள்ளில்லா அல்லது முள் குறைந்த ஒபன்சியா பைக்கசு-இண்டிகா வகைகளே ஏற்றவை.

கால்நடைத் தீவனம்

வறட்சிக் காலங்களில் முட்களைத் தீயில் பொசுக்கித் தட்டுகளை மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் கொடுப்பதுண்டு. தட்டில் பெரும்பகுதி நீர் என்பதால் தீவனத்தோடு நீரும் கிடைக்கிறது. புரதம் மிகக் குறைவு. தனியே கொடுத்தால் கழிச்சல் உண்டாகும். எனவே வைக்கோல் போன்ற உலர்தீவனத்துடன் கலந்தே கொடுக்க வேண்டும்.

ஊட்டப்பொருட்கள்

100 கிராம் பச்சைப் பழத்திலும் (தோல் நீங்கலாக), 100 கிராம் பச்சை இளந்தட்டிலும் அடங்கிய சராசரி அளவுகள்:

* ஆற்றல்: பழம் 41 கிலோ கலோரி, தட்டு 16 கிலோ கலோரி
* நீர்: பழம் 87.6 கிராம், தட்டு 94.1 கிராம்
* மாவுச்சத்து: பழம் 9.6 கிராம்; தட்டு 3.3 கிராம்
* நார்ச்சத்து: பழம் 3.6 கிராம், தட்டு 2.2 கிராம்
* புரதம்: பழம் 0.7 கிராம், தட்டு 1.3 கிராம்
* கல்சியம்: பழம் 56 மி.கி, தட்டு 164 மி.கி
* மக்னீசியம்: பழம் 85 மி.கி, தட்டு 52 மி.கி
* உயிர்ச்சத்து சி: பழம் 14 மி.கி; தட்டு 9.3 மி.கி

இவ்வளவுகள் இனம், மண், முதிர்ச்சி ஆகியவற்றைப் பொறுத்து மாறுபடும். தட்டிலுள்ள கல்சியத்தின் ஒரு பகுதி ஒட்சலேட்டாக இருப்பதால் அது முழுமையாக உடலில் சேர்வதில்லை.

எச்சரிக்கை

தமிழில் கள்ளி என முடியும் பெயர்கள் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்த தாவரங்களைக் குறிக்கின்றன. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை யூபோர்பியா பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் எந்தப் பகுதியைக் கீறினாலும் வெண்மையான பால் வடியும். இப்பால் நச்சுத்தன்மை உடையது. கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பெண் சிசுக்கொலைக்குப் பயன்பட்டது இக்கள்ளிப்பாலே. சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. கீறினால் நிறமற்ற கொழகொழப்பான நீரே கசியும். பால் வடியும் எந்தக் கள்ளியையும் உண்ணக் கூடாது. இவ்வேறுபாட்டை அறியாதவர் கள்ளியை உணவாகவோ மருந்தாகவோ பயன்படுத்துவது ஆபத்தானது.

நுண்முட்கள் தோலில் தைத்தால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் அவை முறிந்து உள்ளே தங்கும். ஒட்டும் நாடாவை ஒட்டி இழுத்தும், சிறு இடுக்கியாலும் அகற்றலாம். கண்ணிலோ தொண்டையிலோ தைத்தால் மருத்துவ உதவி தேவை.

விதைகள் கடினமானவை, செரிப்பதில்லை. பழங்களை விதையுடன் மிகுதியாக உண்டால் அவை குடலில் திரண்டு கடும் மலச்சிக்கலை உண்டாக்கும். சிறுவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஒட்சலேட்டு காரணமாகத் தட்டை அளவோடு உண்பது நன்று.

நாட்டு மருத்துவத்தில் பழம் உடற்சூட்டைத் தணிக்கும் என்று கூறப்படுகிறது. இளந்தட்டு உணவுக்குப் பிந்தைய குருதிச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என மெக்சிக்கோவில் நடந்த சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் இது நீரிழிவு மருந்துக்கு மாற்று அன்று. மருந்து உட்கொள்வோர் இதனை மிகுதியாக உண்டால் சர்க்கரை அளவு தேவைக்கு மேல் குறையும் வாய்ப்பு உண்டு. புற்றுநோய், மலட்டுத்தன்மை ஆகியவற்றை இப்பழம் குணமாக்கும் என்ற பரப்புரைகளுக்கு மருத்துவச் சான்று இல்லை.

பிற நாடுகளில்

மெக்சிக்கோவின் தேசியச் சின்னத்தில், கள்ளிச்செடியின்மேல் அமர்ந்து பாம்பைக் கவ்வும் கழுகு இடம்பெற்றுள்ளது. இத்தாலியின் சிசிலித் தீவில் முதலில் தோன்றும் பூக்களை உதிர்த்துவிட்டு, இரண்டாம் முறை பூக்கச் செய்து பெரிய பழங்களைப் பெறுகின்றனர். எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் பெலெசு எனப்படும் இப்பழம், தானியம் குறைந்த மாதங்களில் ஏழைகளின் உணவாக விளங்குகிறது. இலங்கையின் தென்கரையில் உள்ள பூந்தலை தேசியப் பூங்காவில் ஒபன்சியா டில்லெனி ஆக்கிரமிப்புக் களையாகக் கருதப்படுகிறது.

2017 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், வறட்சியைத் தாங்கும் உணவு, தீவனப் பயிராகக் கள்ளியை முன்னிறுத்தி விரிவான கையேடு ஒன்றை வெளியிட்டது.

பயிரிடுதலும் இன்றைய சிக்கலும்

இந்தியாவில் பன்னாட்டு வறண்டநில வேளாண் ஆய்வு மையமும் (இக்கார்டா) இந்திய வேளாண் ஆய்வு நிறுவனங்களும் முள்ளில்லாக் கள்ளி வகைகளைத் தீவனத்துக்கும் உணவுக்கும் ஆய்வு செய்து வருகின்றன. தட்டுகளைச் சில நாட்கள் நிழலில் வைத்து, வெட்டுவாய் காய்ந்த பின் நட்டால் எளிதில் வேர்விடும். நீர் தேங்காத மணற்பாங்கான நிலம் ஏற்றது. மாமல்லபுரம் கடற்கரை மணல் இதற்குப் பொருந்துவது. ஆனால் அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின்போது தாழ்ந்த நிலங்களில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பயிரிடுதலில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, முள்ளுள்ள இனங்கள் மீண்டும் களையாகப் பரவும் ஆபத்து. இரண்டாவது, 1926 ஆம் ஆண்டில் களையை அழிக்கக் கொண்டுவரப்பட்ட பூச்சி. அதே டாக்டிலோபியசு ஒபன்சியே 2014 ஆம் ஆண்டில் மொரோக்கோவில் கண்டறியப்பட்டு, அந்நாட்டுச் சிற்றூர்களின் வாழ்வாதாரமாக இருந்த கள்ளித் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. இசுரேல், லெபனான் ஆகிய நாடுகளிலும் இப்பூச்சி பரவியது. ஒரு நாட்டில் விளைநிலத்தை மீட்ட பூச்சியே மற்றொரு நாட்டில் விளைபயிரை அழித்தது. தட்டுகளில் வெண்பஞ்சு போன்ற படிவம் தோன்றி, நசுக்கினால் செந்நிறச் சாறு வெளிப்பட்டால் அது இப்பூச்சியின் அறிகுறி. தென்னிந்தியாவில் கள்ளியை உணவுப் பயிராக நடுவோர், தட்டுகளைத் தருவிக்கும்போதே இவ்வறிகுறி உண்டா எனச் சோதிப்பதும், தாக்குதலைத் தாங்கும் வகைகளைத் தேர்வதும் இன்றியமையாதவை.